அக்கா, நெட் வரல

என் கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்றுதான் எழுதியிருக்கிறது. மொபைல் சர்வீஸ் என்று எங்கேயும் இல்லை. ஆனாலும் மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் நீட்டுவது போனைத்தான். சிங்கப்பூரிலிருந்து பையன் பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பான். அதைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டம் நிற்கிற வரைக்கும் எனக்கும் பத்து ரூபாய் வேலை நடக்காது. ஆக, நான் போன் பார்த்துக் கொடுப்பதைச் சேவை என்று யாரும் நினைக்க வேண்டாம், அதுவும் வியாபாரம்தான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கடைமடை. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலைத் தோண்ட மாட்டார்கள். மேட்டூரில் திறந்தார்களா, கல்லணை தாண்டியதா, பாமணி ஆற்றில் ஓடுகிறதா, நம் வாய்க்காலில் தூர் அடைத்திருக்கிறதா என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே வருவார்கள். போனிலும் அதே விசாரணைதான். எந்த இடம் வரைக்கும் வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் அமைப்புகளுக்குள் போய்க் கண்டதையும் மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

முதலில் நான் கேட்பது, "எது வருது, எது வரல?" இதற்குச் சரியான பதில் வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் வருகிற பதில் பெரும்பாலும், "எதுவுமே வரல." சரி என்று நானே வாங்கிப் பார்ப்பேன். மேலே சிக்னல் கோடு நாலும் நிற்கும். அதைக் காட்டி, "பாருங்க, டவர் ஃபுல்லா இருக்கு" என்பார்கள். கோடு இருந்தால் போனுக்கு டவர் கேட்கிறது என்றுதான் அர்த்தம். பக்கத்தில் 4ஜி என்றோ 5ஜி என்றோ எழுத்து இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எழுத்தே இல்லாமல் கோடு மட்டும் நின்றால் மூன்று சந்தேகம் எனக்கு: மொபைல் டேட்டா அணைந்திருக்கிறது, இரண்டு சிம்மில் டேட்டா இல்லாத சிம் தேர்வாகியிருக்கிறது, அல்லது பேக்கில் டேட்டாவே இல்லை.

மூன்றாவது இப்போது அதிகமாகிவிட்டது. வடுவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். "கால் வருது பாப்பா, பேசவும் முடியுது, நெட்டு மட்டும் ஒரு வாரமா வரல." ரீசார்ஜ் யார் போட்டது என்று கேட்டேன். திருப்பூரில் இருக்கிற மகள். எவ்வளவு நாளுக்கு? 84 நாள். குறுஞ்செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தால் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும்தான் இருக்கிறது. டேட்டா என்ற வார்த்தையே இல்லை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது: டேட்டா வேண்டாதவர்கள் டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டக் கூடாது, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று. பட்டன் போன் வைத்திருக்கிறவர்களுக்கு நல்ல விதி. ஆனால் செயலியில் வரிசையாக ஓடுகிற பேக்குகளில் நாளும் விலையும்தான் கண்ணில் படும். அந்த மகளும் பாவம், 84 நாள், விலை குறைவு என்று அழுத்தியிருக்கிறாள். பெரியவர் பக்கத்துக் கடையில் சிம் டிரேயைக் கழற்றித் துடைத்து, சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்திருந்தார். டேட்டா பேக் ஒன்றைக் கூடுதலாகப் போட்டதும் குரல் செய்திகள் பொலபொலவென்று வந்து விழுந்தன.

இதற்கு அண்ணன் முறை ஒன்று இருக்கிறது. டேட்டா இருக்கிறது, ஆனால் அன்றைக்கு உண்டான அளவு தீர்ந்துவிட்டது. அப்போது முழுவதுமாக நிற்காது, பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு, அதாவது நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு, இறங்கிவிடும். அது எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 எம்பி கோப்பு இறங்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்து வரும், படம் வராது. யூடியூப் திறக்கவே திறக்காது. "எழுத்து மட்டும் வருது அக்கா" என்று யாராவது சொன்னால் நான் அமைப்புகளைத் தொடுவதே இல்லை. என் வைஃபையில் சேர்த்துப் பிடிஎஃப்பை இறக்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி 12 மணிக்கு மேல் சரியாகிவிடும் என்று அனுப்பிவிடுவேன்.

கடையில் வைஃபை இருப்பது இன்னொரு வகையிலும் உதவி. டேட்டாவில் வராத போன் என் வைஃபையில் ஓடினால், கோளாறு சிம், பேக், டவர் பக்கம். வைஃபையிலும் ஓடவில்லை, என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தாலும் ஓடவில்லை என்றால் கோளாறு அந்தப் போனுக்குள்ளேயேதான். ஐந்து நிமிடம்கூட ஆகாத சோதனை. வீட்டில் இரண்டு போன் இருக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுப்பதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியதுதான். அதை மந்திரம் மாதிரி நினைக்கிறார்கள். போன் டவரிலிருந்து விலகி மறுபடி பதிவு செய்துகொள்கிறது, நெட்டில் தன்னை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் புதிதாக வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ரயிலில் வந்து இறங்கியவர்களுக்குப் பல நேரம் அதுவே போதும்.

போனுக்குள்ளேயே கோளாறு என்று முடிவாகிவிட்டால் அப்புறம்தான் சுவாரசியம். நான் அடுத்துப் பார்ப்பது தேதி. நேரம் இல்லை, தேதி.

கோடை விடுமுறையில் ஓர் அம்மா வந்தார். என் வைஃபையில் சேர்கிறது, கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் குரோமில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு எச்சரிக்கை, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று. கூட இருந்த பையன், "ஹேக் பண்ணிட்டாங்க அக்கா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். போனின் மேல் ஓரத்தில் 11.20 என்று இருந்தது. என் சுவர்க் கடிகாரத்திலும் 11.20. காலண்டரைத் திறந்தேன். போனில் டிசம்பர் நடந்துகொண்டிருந்தது.

பையனைப் பார்த்தேன். அவன் லேமினேஷன் மெஷினைப் பார்த்தான். விஷயம் இதுதான்: சில விளையாட்டுகளில் உயிர் தீர்ந்தால் அரை மணி காத்திருக்க வேண்டும். தேதியைத் தள்ளி வைத்தால் காத்திருக்காமலே உயிர் ஏறிவிடும். நாளைத் தள்ளித் தள்ளி மாதத்துக்கே போய்விட்டான். மணியும் நிமிடமும் சரியாக இருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தேதிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்குப் பூட்டுக் குறியோடு திறக்கிற ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். போன் அதைத் தன் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 90 நாளுக்குத்தான் கொடுத்துவந்தது. பல தளங்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன. டிசம்பரில் இருக்கிற போனுக்கு, மே மாதத்தில் செல்லுபடியான அந்த மாதிரிச் சான்றிதழ்கள் காலாவதியானவைதான். போன் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. அமைப்புகளில் தானியங்குத் தேதி, நேரம் என்பதைப் போட்டுவிட்டேன். டவரிலிருந்தே நேரத்தை வாங்கிக்கொண்டது. சிவப்பு எச்சரிக்கை போய்விட்டது. பையனின் உயிர்கள் என்ன ஆயின என்று தெரியாது.

பீரோவில் சார்ஜ் இறங்கிக் கிடந்த பழைய போனை எடுத்து ஆன் செய்தால் இதே கோளாறு எதிர்ப்பக்கம் வரும், தேதி பல வருடம் பின்னால் நிற்கும். தேதியைச் சரி செய்த பிறகும் மிகப் பழைய போன்களில் சில தளங்கள் திறக்காது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்கு மூலமாக இருந்த ஒரு பழைய சான்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களுக்குப் புதிய மூலச் சான்றைத் தெரியாது. தற்காலிக ஏற்பாடு ஒன்று செய்து சமாளித்தார்கள், 2024இல் அதுவும் முடிந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் மூலச் சான்றுகளைத் தன்னோடே வைத்திருக்கும் உலாவி என்பதால், அது நிறுவிக்கொள்ள முடிகிற போனாக இருந்தால் அதில் திறக்கும். இல்லையென்றால் அந்தப் போனைப் பாட்டு கேட்க வைத்துக்கொள்ளலாம்.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது ஒரு கல்லூரிப் பெண்ணின் போன். நல்ல போன், புதுசு. பேக் இருக்கிறது, 4ஜி எழுத்து இருக்கிறது, தேதி சரி. டேட்டாவிலும் வராது, வைஃபையிலும் வராது, ஹாட்ஸ்பாட்டிலும் வராது. வைஃபை விவரத்தைத் திறந்தால் 192.168 என்று தொடங்கும் முகவரிகூட ஒழுங்காக வாங்கியிருக்கிறது. (முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, சாதனம் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். லேப்டாப்பில் அடிக்கடி பார்க்கலாம்.) இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. எல்லாம் இருந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

அப்போதுதான் வைஃபை பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததைப் படித்தேன்: தனிப்பட்ட டிஎன்எஸ் சேவையகத்தை அணுக இயலாது. நான் போன்களைத் தமிழுக்கு மாற்றிப் பார்ப்பதை என் தம்பி கிண்டல் செய்வான். இந்த மாதிரி வரிகளைக் கண் தாண்டிப்போகாமல் படிப்பது தமிழில் இருப்பதால்தான்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கிற வேலை. நாம் பெயரைத் தட்டுகிறோம், போனுக்கு எண் வேண்டும். வழக்கமாக நம் சிம் கம்பெனியோ ரவுட்டரோ சொல்கிற இடத்தில் போன் போய்க் கேட்கும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எல்லாம் இந்த வேலையைச் செய்பவைதான். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து, இந்தக் கேள்வியைப் பூட்டிய உறையில் அனுப்புகிற வசதி போனிலேயே இருக்கிறது. அதற்கு மூன்று நிலை: முடக்கம், தானியங்கு, அல்லது நாமே ஒரு சேவையின் பெயரைத் தட்டிக் கொடுப்பது. தானியங்கில் இருந்தால் பூட்டிய வழி கிடைக்காதபோது போன் சாதாரண வழிக்கு இறங்கி வரும். பெயரைத் தட்டிக் கொடுத்துவிட்டால் இறங்கி வராது. அந்த இடம் பதில் சொல்லவில்லை என்றால் வேறு யாரிடமும் கேட்காமல் நின்றுவிடும். நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

"இதுல ஏதாவது எழுதினியாம்மா?" என்று கேட்டேன். விளம்பரம் வராமல் இருக்க ஹாஸ்டலில் ஒரு சீனியர் போட்டுக் கொடுத்தாராம், ஒரு வீடியோவைப் பார்த்து. அப்போது ஓடியிருக்கிறது. இப்போது அந்த முகவரி பதில் சொல்லவில்லை. தானியங்குக்கு மாற்றினேன். மாற்றிய விரலை எடுப்பதற்குள் அறிவிப்புகள் மேலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டன.

விளம்பரத்தைத் தடுப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. என் அம்மா போனில் நானும் போட்டிருக்கிறேன், பொய்யான பரிசு விளம்பரங்களை அவர் அழுத்தித் தொலைக்காமல் இருக்க. ஆனால் போட்டுக் கொடுக்கிறவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இதிலேயே இன்னொரு வகையும் உண்டு: வீட்டில் நன்றாக ஓடும், கல்லூரி வைஃபையிலோ அலுவலக வைஃபையிலோ மட்டும் ஓடாது. பூட்டிய டிஎன்எஸ் 853 என்ற எண்ணுள்ள தனி வாசல் (போர்ட்) வழியாகப் போகிறது, பல நிறுவனங்களின் தடுப்பில் அது அடைபட்டிருக்கும். எல்லா நெட்டையும் வேறொரு சேவையகம் வழியாகப் பூட்டி அனுப்புகிற விபிஎன் போட்டு, அது இல்லாமல் எதையும் விடாதே என்று தேர்ந்தெடுத்து வைத்திருக்கிற போன்களும் இந்த ஜாதிதான். மேலே சாவிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு கோபம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பாட்டி, மகனும் மருமகளும் வெளிநாட்டில். பேரனின் படங்கள், முதல் நடை வீடியோ, எல்லாம் அந்தப் போனில். நெட் வரவில்லை என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே ஒன்றும் கேட்காமல் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து ஃபேக்டரி ரீசெட் போட்டுவிட்டார்கள். படங்கள் போயின. அதோடு முடியவில்லை. அமைப்புகள் வழியாகப் போகாமல் இப்படிப் பொத்தான் வழியாக அழித்தால், திருட்டுப் போன் என்று நினைத்து ஆண்ட்ராய்டு பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். 2015இல் ஆண்ட்ராய்டு 5.1இலிருந்து வந்த பாதுகாப்பு அது. பாட்டிக்கு ஜிமெயில் என்றால் என்னவென்றே தெரியாது, மகன் எப்போதோ தொடங்கிக் கொடுத்தது. "இனி ஒன்னும் பண்ண முடியாது ஆயா, புதுசு வாங்கிக்க" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்தபோது மகனுக்கு என் போனிலிருந்து வீடியோ அழைப்பு போட்டு, அவர் அங்கேயிருந்து கடவுச்சொல்லை மீட்டு, ஒரு வழியாக உள்ளே போனோம். போன பிறகு பார்த்தால் பேக்கின் காலம் முடிந்திருந்தது. ஒரு ரீசார்ஜில் முடிகிற காரியம் அது. படங்களில் கொஞ்சம் மகனின் போனில் இருந்தன, நடை வீடியோ இல்லை.

ரீசெட் போட்டே ஆக வேண்டும் என்றால் அமைப்புகளுக்குள் நெட்வொர்க்கை மட்டும் மீட்டமைக்கிற வழி தனியாக இருக்கிறது. அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் புளூடூத் இணைப்புகளையும் மறந்துவிடும், படம், தொடர்பு எண் எதையும் தொடாது. அதற்கும் முன்னால், சிம் கம்பெனியின் நெட்டுக்குள் எந்த வாசல் வழியாகப் போவது என்று சொல்கிற ஏபிஎன் பக்கத்தைப் பாருங்கள், சிம் மாற்றிய போனில் சில நேரம் பழைய கம்பெனியின் பெயரே உட்கார்ந்திருக்கும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். கையால் தட்டுவதைவிட, மேலே மூன்று புள்ளியை அழுத்தி இயல்புக்கு மீட்டமைப்பது நல்லது.

பிஎஸ்என்எல் என்றதும் ஒன்று. 2025 செப்டம்பரில் நாடு முழுக்க அவர்களின் 4ஜியைத் தொடங்கிவைத்தார்கள், உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே கட்டியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பலர் திரும்ப அந்த சிம்முக்கு வருகிறார்கள். பழைய சிம்மிலேயே 4ஜி வரும் என்று காத்திருக்க வேண்டாம், 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு போன். அவர்களின் 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. தூரம் போவது 700தான், போனின் விவரத்தில் அது பேண்ட் 28 என்று இருக்கும். பழைய போன்கள் சிலவற்றில் பேண்ட் 28 கிடையாது. பக்கத்து வீட்டில் வருகிறது, எனக்கு வரவில்லை என்று வருகிறவர்களின் போன் மாடலை நான் இப்போது முதலில் இதற்காகத்தான் தேடிப் பார்க்கிறேன்.

கடைசியாக, என்னால் ஒன்றும் செய்ய முடியாத வகை. ஐடிஐ படிக்கிற தம்பி ஒருவன் குறைந்த விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கி வந்தான், பில் இல்லை, பெட்டி இல்லை. வைஃபையில் பறக்கிறது. எந்த சிம்மைப் போட்டாலும் சேவை இல்லை, அழைப்பும் போகவில்லை. அதே சிம் என் போனில் உடனே எடுக்கிறது. *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்தோம். கறுப்புப் பட்டியலில் இருந்தது. தொலைந்த போனின் எண்ணை உரியவர் பதிந்துவிட்டால் நாடு முழுக்க எந்தக் கம்பெனி சிம்மும் அதில் எடுக்காது. 2023 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு எல்லா மாநிலத்திலும் நடக்கிறது.

"நம்பரை மாத்தித் தர ஆள் இருக்காங்களாம் அக்கா" என்றான். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஐஎம்இஐயை மாற்றுவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருப்பதை எடுத்துக் காட்டினேன். முகம் சுண்டிப்போய்விட்டது. விற்றவனின் எண் உன்னிடம் இருக்கிறதா, காசை ஜிபேயில் கொடுத்தாயா, ரொக்கமாகவா என்று கேட்டேன். ஜிபே. அப்படியானால் ஆதாரம் இருக்கிறது, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். பிரிண்ட்டுக்குக் காசு வாங்கவில்லை.